கையில பிரஷர் நார்மல், நுரையீரல்ல பிரஷர் ஏறிப்போச்சு: திசையன்விளை பக்கம் ஒரு ஆச்சியோட கேஸ்

யாரு, என்ன பின்னணி

ஆச்சிக்கு வயசு 67. திசையன்விளை பக்கம் தேரி மண்ணுல ஒரு சின்ன ஊரு, பேரு வேண்டாம், வீட்டுல கேட்டுட்டுத்தான் இத எழுதுறேன். வீட்டுக்காரரு பனையேறி. அவரு எறக்குற பதநிய காய்ச்சி கருப்பட்டி ஆக்குறது ஆச்சியோட வேலை. பதினாலு வயசுல அவங்க அம்மா கூட விடிலிக்குள்ள போனவங்க, வீட்டுக்காரரு மரம் ஏறுறத நிப்பாட்டுற வரைக்கும் வருசா வருசம் பங்குனில இருந்து ஆடி வரைக்கும் அங்கனயேதான் இருந்திருக்காங்க.

விடிலிய பாக்காதவங்களுக்கு சொல்றேன், ஓலை வேஞ்ச தாழ்வான குடிசை, குனிஞ்சுதான் உள்ள போகணும், காவோலை, பனமட்டை, உடைமரத்து விறகு எல்லாத்தையும் அடுப்புல தள்ளிக்கிட்டே இருக்கணும், பதநி பொங்கி பாகு பதம் வந்து சிரட்டைல ஊத்துற வரைக்கும் எந்திரிச்சு வெளிய வர முடியாது, பாகு அடிபிடிச்சா அன்னைக்கு காலைல மரம் ஏறுன உழைப்பே போச்சு. அத்தன புகையும் போக ஓலை இடுக்குதான் வழி. வீட்டுலயும் ரொம்ப காலம் விறகடுப்புதான். கேஸ் வந்தப்புறமும் குளிக்க வெந்நி போடுறதும் பனங்கிழங்கு அவிக்கிறதும் விறகுலதான்.

ஆச்சி பீடி, சிகரெட் தொட்டதே இல்ல. அதனால அவங்க கொண்டு வந்த பழைய ஃபைல் எல்லாத்துலயும் "புகைப்பழக்கம் இல்லை"ன்னு இருக்கு. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான், கேள்விதான் பத்தாது.

பத்து வருசமா பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். அதுக்கும் முன்னாலேருந்தே இருமல், சளி, பனிக்காலத்துல எளப்பு. எளப்பு வந்தா ஒரு ஊசி, ரெண்டு நாள் மாத்திரை, அப்புறம் சரியாயிரும். ஸ்பைரோமெட்ரி (குழாய்ல ஊத வச்சு நுரையீரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற டெஸ்ட்) யாரும் பண்ணதில்ல.

வந்தப்ப பாத்தது

ஆவணி கடைசில மகனும் மருமகளும் எங்க கிளினிக்குக்கு கூட்டிட்டு வந்தாங்க. நாலு மாசமா ரெண்டு காலும் வீக்கம், செருப்பு நுழையல, அமுக்குனா குழி விழுது. அதுக்குள்ள ரெண்டு மூணு இடம் பாத்தாச்சு. அம்லோடிபினால கால் வீங்கறது உண்டு, அதனால அத நிறுத்தி வேற மாத்திரை குடுத்திருக்காங்க, வீக்கம் குறையல. கிட்னிக்கு கிரியாட்டினின் பாத்தாங்க, யூரின்ல புரோட்டீன் பாத்தாங்க, ரெண்டும் நார்மல். நீர் போற மாத்திரை போட்டா ரெண்டு நாள் வத்தும், நிறுத்துனா திரும்ப வரும். இதுல ஒண்ணும் தப்பு சொல்ல முடியாது, எல்லாமே பாக்க வேண்டியதுதான்.

மகன் சொன்னது: "பிரஷர் எங்க பாத்தாலும் நார்மல்ங்காவ சார், பெறகு எதுக்கு இப்படி நீர் கோக்குது?"

கையில பிரஷர் 128/78. நிஜமாவே நார்மல்தான். ஆனா உதடு கொஞ்சம் நீலம் பாரிச்சிருந்துச்சு, கழுத்து நரம்பு உக்காந்திருக்கும்போதே பொடச்சு தெரிஞ்சுது, ஈரல் வலது விலாவுக்குக் கீழ கைக்கு தட்டுப்பட்டுச்சு. விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டுனா சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் நிறைஞ்சிருக்கற அளவு, 83 சதவீதம். விரலு ஜில்லுன்னு இருந்தா தப்பா காட்டும்னு கைய தேச்சு சூடாக்கி இன்னொரு விரல்ல பாத்தோம், 84. நம்ம மாதிரி கருத்த தோல்ல இந்த மெஷின் நெஜத்தவிட கொஞ்சம் கூட்டிக் காட்டுறதும் உண்டு, அப்போ உள்ள இன்னும் மோசமாக் கூட இருக்கலாம். அதனால தமனி ரத்தம் எடுத்து ஏபிஜி (ரத்தத்துல இருக்கற வாயுக்கள அளக்குற டெஸ்ட்) பாத்தோம். ஆக்சிஜன் அழுத்தம் 48 எம்எம், கார்பன் டை ஆக்சைடு 52, பிஹெச் 7.37. கார்பன் டை ஆக்சைடு கூடியும் பிஹெச் கெடாம நிக்குதுன்னா கிட்னி அத ஈடுகட்ட நேரம் கிடைச்சிருக்கு, இது நேத்து இன்னைக்கு வந்ததில்லன்னு அர்த்தம்.

ஹீமோகுளோபின் 17.4. மருமகளுக்கு இதுல சந்தோசம், "அத்தைக்கு ரத்தம் நல்லா இருக்கு"ன்னாங்க. இந்த வயசுல நம்ம ஊரு பொம்பளைங்களுக்கு பத்து பதினொண்ணு இருந்தாலே பெரிசு, 17ன்னு பாத்தா சந்தோசப்படாதீங்க, ஆக்சிஜன் பத்தலன்னு ஒடம்பு சிவப்பணுவ கூட்டிக் கூட்டி சமாளிக்குதுன்னு எடுத்துக்கணும். ரத்தம் கெட்டியாகுறதே நுரையீரல்ல ஓட்டத்துக்கு இன்னொரு தடை.

மத்ததெல்லாம் திருநெல்வேலில பாத்தது. ஸ்பைரோமெட்ரில மூச்சுக்குழாய் அடைப்பு நல்லா தெரிஞ்சுது, முதல் செகண்டுல வெளிய தள்ளுற காத்து இருக்க வேண்டியதுல 41 சதவீதம்தான். எக்கோவுல (இதய ஸ்கேன்) இடது பக்க இதயம் நல்லா இருக்கு, பம்பிங் 62 சதவீதம். வலது பக்கம் வீங்கியிருக்கு, நுரையீரல் தமனில மேல் அழுத்தம் சுமார் 59 எம்எம். நுரையீரல் ரத்தக்குழாய பாக்குற சிடி ஆஞ்சியோல ரத்தக்கட்டி இல்ல.

59ங்கறது எவ்வளவுன்னு புரியறதுக்கு: கையில 120 இருக்கற ஆளுக்கு நுரையீரல்ல மேல் அழுத்தம் 20, 25க்குள்ளதான் இருக்கும். சராசரி அழுத்தம் 20க்கு மேல போனாலே இப்போ நுரையீரல் ரத்த அழுத்தம்னு சொல்றாங்க, 2018க்கு முன்னாடி அந்த கோடு 25ல இருந்துச்சு. கையில கட்டுற பட்டைக்கு இது எதுவுமே தெரியாது, அது தனி சுத்து, இது தனி சுத்து. எக்கோ கணக்கும் ஒரு மதிப்பீடுதான், அதுவும் இந்த மாதிரி காத்து அடைஞ்ச நெஞ்சுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். இதயம் வழியா டியூப் விட்டு நேரா அளக்கலாம், ஆனா அந்த நம்பர் வந்தாலும் வைத்தியம் மாறப்போறதில்லன்னு இருதய டாக்டரும் நானும் பேசி அத விட்டுட்டோம்.

ஏன் இப்படி ஆகுது

ஒடம்புல வேற எந்த எடத்துல ஆக்சிஜன் குறைஞ்சாலும் அங்க போற ரத்தக்குழாய் விரியும். நுரையீரல்ல மட்டும் தலைகீழ், சுருங்கும். 1946ல ஸ்வீடன்ல உல்ஃப் வான் ஆய்லர், கோரன் லில்யெஸ்ட்ராண்ட் ரெண்டு பேரும் பூனைய வச்சு இத காட்டுனாங்க. சின்ன தமனியோட சுவர்ல இருக்கற தசை செல்லு ஆக்சிஜன் குறையறத உணர்ந்ததும் பொட்டாசியம் வெளிய போற வாசல் மூடுது, செல்லுக்குள்ள கால்சியம் ஏறுது, தசை இறுகுது. இது நடக்க நாள் கணக்கெல்லாம் வேண்டாம், செகண்டுகள்ல தொடங்கிரும்.

இது நோயில்ல, நல்ல ஏற்பாடு. தாமிரபரணி கால்வாய்ல மடை பாக்குறவங்க தரிசா கெடக்குற வயலுக்கு மடைய அடைச்சு பயிர் நிக்கிற வயலுக்கு தண்ணிய திருப்புவாங்கல்ல, அதேதான். சளி அடைச்சு காத்து போகாத மூலைக்கு ரத்தம் போய் வீணாகாம, காத்து இருக்கற பக்கம் திருப்பி விடுது. நிமோனியா வந்தவங்களுக்கு ஆக்சிஜன் ரொம்பவும் சரியாம இருக்கறதுல இதுக்கும் பங்கு உண்டு.

ஆச்சிக்கு ஒரு மூலை மட்டும் தரிசு இல்ல, ரெண்டு நுரையீரல்லயும் முக்காவாசி எடத்துல காத்து பத்தல. அப்போ எல்லா மடையும் ஒரே நேரத்துல அடைபடுது, வர்ற தண்ணி எங்க போகும், கரைய முட்டும். அந்த முட்டுதல தாங்கறது இதயத்தோட வலது கீழறை, அது மெல்லிசு சுவர், குறைஞ்ச அழுத்தத்துக்குப் பழகுனது. அது தளந்து பின்னால தேங்குனதுதான் கழுத்து நரம்பு, ஈரல், கடைசில கால். கார்பன் டை ஆக்சைடு கூடி ரத்தம் அமிலமானா இந்த சுருக்கம் இன்னும் இறுகும். மாசக்கணக்குல, வருசக்கணக்குல இப்படியே இருந்தா தசை தடிச்சு சுவரே மாறிரும், அப்புறம் ஆக்சிஜன் குடுத்த உடனே பிரஷர் எறங்காது.

மாடு வளக்குறவங்களுக்கு ஒரு துணுக்கு. அமெரிக்காவுல கொலராடோ மலைல மேயப் போன மாடுகளுக்கு முன்நெஞ்சுல நீர் கோத்து சாகுறத நூறு வருசம் முன்னாலயே எழுதி வச்சிருக்காங்க. அங்க காத்தே லேசு, இங்க புகைல கெட்ட மூச்சுக்குழாய், உள்ள நடக்கறது அதே சுருக்கம்தான்.

எடுத்த முடிவுகள், ஏன்

முதல் மருந்து ஆக்சிஜன். வீட்டுல கான்சென்ட்ரேட்டர் (காத்துல இருந்து ஆக்சிஜன பிரிச்சுக் குடுக்குற கரண்டு மெஷின்) வச்சு நிமிசத்துக்கு 1 லிட்டர், தூங்குற நேரம் உட்பட ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 மணிநேரம், சாச்சுரேஷன் 88ல இருந்து 92க்குள்ள நிக்கணும். 15ங்கறது நான் சும்மா சொல்ற நம்பர் இல்ல. 1980ல அமெரிக்காவுலயும் 1981ல பிரிட்டன்லயும் ரெண்டு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, இந்த மாதிரி நுரையீரல் அடைப்பு இருக்கறவங்கள்ல நெறைய மணிநேரம் ஆக்சிஜன் எடுத்தவங்கதான் கூட நாள் இருந்தாங்க. ஆக்சிஜன் அழுத்தம் 55 எம்எம்மோ அதுக்கு கீழயோ இருந்தா இது வேணும், வலது இதயம் பாதிச்சிருந்தா 59 வரைக்கும் குடுக்கலாம், ஆச்சிக்கு 48.

ஆனா ஆயுசுக்கும் ஆக்சிஜன்னு ஒரே ரீடிங்ல முத்திரை குத்தக் கூடாது. இன்ஹேலரும் ஒழுங்கா போடாத ஆளு, புகை நிக்காத வீடு, அதெல்லாம் சரி பண்ணி ஆறு வாரம் கழிச்சு திரும்ப அளக்கணும்னு முதல் நாளே சொல்லிட்டோம். அளந்தப்பவும் 52தான் இருந்துச்சு.

ரெண்டாவது, குடுக்காத மருந்து. ஆச்சியோட மருமகன் முறை ஒருத்தர் வள்ளியூர்ல மெடிக்கல் ஷாப்ல நிக்கிறாரு. எக்கோ ரிப்போர்ட்ட பாத்துட்டு, "இதுக்கு சில்டனாஃபில் இருக்குல்லா சார், எழுதிக் குடுங்க, நானே எடுத்துட்டு வாரேன்"ன்னாரு. அவரு கேட்டதுல ஞாயம் இருக்கு. நுரையீரல் தமனியே நோயாகி பிரஷர் ஏறுற வகைக்கு அது நல்ல மருந்து. உலக அளவுல இந்த நோய அஞ்சு வகையா பிரிச்சிருக்காங்க, அது முதல் வகை, ஆச்சியோடது மூணாவது, நுரையீரல் நோயாலயும் ஆக்சிஜன் குறைவாலயும் வர்றது. இங்க அந்த மாத்திரை குடுத்தா தரிசு வயலுக்கு அடைச்ச மடையும் சேந்து தொறந்துரும், பிரஷர் நம்பர் எறங்கும், சாச்சுரேஷனும் எறங்கும். அவருக்கு இது உடனே புரிஞ்சுது, ஆச்சியோட மகனுக்குத்தான் "மருந்து இருந்தும் தர மாட்டேங்காவளே"ன்னு கொஞ்ச நாள் மனத்தாங்கல்.

நீர் போற மாத்திரை குறைஞ்ச டோஸ்ல. வலது இதயம் கொஞ்சம் நிறைஞ்சிருந்தாத்தான் வேலை செய்யும், ஒரேடியா வத்த வச்சா தலை சுத்தி விழுந்துருவாங்க. மூச்சுக்குழாய் விரிய ரெண்டு மருந்து சேந்த இன்ஹேலர், ஸ்பேசரோட (மருந்து ஒழுங்கா உள்ள போக இன்ஹேலர்ல மாட்டுற குழாய்). ஃப்ளூ காய்ச்சல், நிமோனியா தடுப்பூசி. கெட்டியான ரத்தத்த குத்தி எடுக்கலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு, ஆக்சிஜன் சரியானா அதுவா குறையும்னு விட்டோம்.

அடுப்புதான் பெரிய பஞ்சாயத்து. ஆக்சிஜன் ஓடுற எடத்துல தீ ஆகாது, வீட்டுக்குள்ள விறகடுப்பும் கான்சென்ட்ரேட்டரும் சேந்து இருக்கவே கூடாது. வெந்நி அடுப்ப தொழுவத்துக்குப் பக்கம் கொண்டு போனாங்க. சாயங்காலம் வெளக்கேத்துறது ஆச்சி விட மாட்டேன்னுட்டாங்க. சரின்னு ஒரு முறை வச்சோம், மெஷின நிறுத்தி, டியூப கழட்டி, கொஞ்ச நேரம் வெளிய உக்காந்துட்டு அப்புறம் வெளக்கு, சூடம் எல்லாம். வெளக்கு அணைஞ்சப்புறம் திரும்ப மெஷின். மூக்கு காயுதுன்னு எண்ணெய், வாசலின் தடவக் கூடாதுன்னும் எழுதிக் குடுத்தோம்.

ஐப்பசி மழை ராத்திரி

ஆறு வாரம் கழிச்சு திரும்ப அளந்து ரெண்டு வாரம் இருக்கும், மழைல சளி பிடிச்சுது, அன்னைக்கு ராத்திரி கரண்டு போய் விடியுற வரைக்கும் வரல. சிலிண்டர் வாங்கி வைக்கணும்னு பேச்சு இருந்துச்சு, வாங்கல. விடியக்காலம் மூச்சு வாங்கி பேச முடியாம போனதும் கார் பிடிச்சு பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. அங்க சாச்சுரேஷன் 76. பை வச்ச மாஸ்க் போட்டு ஃபுல் ஃப்ளோல ஆக்சிஜன். பத்து நிமிசத்துல 99. எல்லாருக்கும் நிம்மதி. ஆச்சி தூங்க ஆரம்பிச்சாங்க, ராத்திரி பூரா முழிச்சிருந்த களைப்புன்னு வீட்டு ஆளுங்க நெனைச்சாங்க. ரெண்டு மணிநேரத்துல எழுப்புனா எந்திரிக்கல. திருநெல்வேலிக்கு மாத்தி ஏபிஜி பாத்தா கார்பன் டை ஆக்சைடு 84, பிஹெச் 7.22.

76ல இருக்கறவங்களுக்கு ஆக்சிஜன் குடுத்தது சரி. அளவு இல்லாம குடுத்ததுதான் பிரச்சினை. இத "ஆக்சிஜன் கூடுனா மூச்சு விடுற உந்துதல் போயிரும்"னு ஒரு வரில முடிச்சிருவாங்க, அது ஒரு பகுதிதான். பெரிய பங்கு நுரையீரல் சுருக்கத்தோடது. அளவுக்கு மீறி ஆக்சிஜன் போனா, காத்தோட்டம் இல்லாத மூலையில இருக்கற தமனியும் "இங்க ஆக்சிஜன் இருக்கே"ன்னு விரிஞ்சுருது, ரத்தம் அங்க ஓடுது, ஆனா அங்க காத்து உள்ள வெளிய போறது இல்ல, கார்பன் டை ஆக்சைடு கழுவப்படாம திரும்ப வருது. ஹீமோகுளோபின்ல ஆக்சிஜன் நிறைஞ்சா அது சுமந்துட்டு இருந்த கார்பன் டை ஆக்சைட கீழ விடுறதும் கூட சேருது. 2010ல டாஸ்மேனியால ஆம்புலன்ஸ்லயே 88 முதல் 92ன்னு அளந்து குடுத்த நோயாளிங்கள்ல இறப்பு, ஃபுல்லா குடுத்தவங்களவிட தெளிவா குறைஞ்சிருந்துச்சு.

பைபாப் மாஸ்க் (காத்த அழுத்தி மூச்சுக்கு உதவுற மெஷின்) போட்டு, ஆக்சிஜன 88 முதல் 92க்குள்ள எறக்கி, ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாங்க. ஆக்சிஜன குறைக்கறாங்கன்னதும் மகனுக்கு படபடப்பு, "99 இருந்துச்சே, எதுக்கு குறைக்கேங்க?" பொறுமையா சொல்ல வேண்டியிருந்துச்சு, அந்த நேரத்துல அத கேக்குற மனநிலை யாருக்கும் இருக்காது, இத முன்னாலயே வீட்டுல உக்காந்து பேசியிருக்கணும். மறுநாள் காலைல ஆச்சி முழிச்சு மாஸ்க்க பிடுங்கி எறியப் பாத்தாங்க, நர்ஸ்கிட்ட ஏசுனாங்க, அதப் பாத்துதான் எங்களுக்கு உயிர் வந்துச்சு. ஆறாவது நாள் வீட்டுக்கு அனுப்புனாங்க.

அதுக்கப்புறம்

வீட்டுக்குப் போனப்புறம் வந்த பிரச்சினை எல்லாம் மருத்துவமே இல்லாதது. கான்சென்ட்ரேட்டர்ல எத்தன மணிநேரம் ஓடுச்சுன்னு ஒரு மீட்டர் இருக்கும். 16 மணிநேரம்னு வீட்டுல சொன்னாங்க, மீட்டர கணக்கு போட்டா ஒரு நாளைக்கு 9 கூட வரல. யாரும் பொய் சொல்லல, ஆளு வந்தா ஆச்சி டியூப கழட்டிருவாங்க, "மூக்குல கொழாய மாட்டிக்கிட்டு இருந்தா கெழவி போகப்போறான்னுல்லா பேசுவாளுவ". ஆச்சி ஒரு நாளும் தனியா இருக்கறவங்க இல்ல, திண்ணைல யாராவது வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. நீளமான டியூப் வாங்கி மெஷின உள்ள வச்சு திண்ணை வரைக்கும் இழுத்து விட்டோம். முதல்ல சீரியல் நேரம், அப்புறம் மத்தியானத் தூக்கம்னு ஒவ்வொண்ணா சேத்தோம். வந்த ஒருத்தி நின்னு பாத்துட்டு "எங்க மாமியாளுக்கும் இது வேணும் போலயே"ன்னு சொன்னதுக்கப்புறம் வெக்கம் கொஞ்சம் விட்டுச்சு.

கரண்டு பில்லு. மெஷின் சுமார் 350 வாட், 15 மணிநேரம் ஓடுனா ஒரு நாளைக்கு அஞ்சு யூனிட்டுக்கு மேல, ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் தாண்டும். பேரனுங்க சம்பாதிக்கிற வீடு, சமாளிச்சாங்க. கூலி வேலை பாக்குற குடும்பத்துக்கு 15 மணிநேரம்னு எழுதிக் குடுக்கறப்ப இந்தக் கணக்கையும் சேத்து சொல்லாட்டி, ராத்திரி மட்டும் போட்டுட்டு காலைல ஆஃப் பண்ணிருவாங்க. இன்வெர்ட்டர் ஒரு பேட்டரில மூணு மணிநேரம் கிட்ட தாங்கும். அதுக்கு மேல போனா ஒரு பி டைப் சிலிண்டர், 1500 லிட்டர், நிமிசத்துக்கு ஒரு லிட்டர்னா ஒரு நாள் பூரா வரும்.

சித்திரைல திரும்ப பாத்தோம். கால் வீக்கம் இல்ல. ஹீமோகுளோபின் 15.6. எக்கோவுல 59 இருந்தது 46. ஆக்சிஜன் இல்லாம உக்காந்திருக்கறப்ப 86தான், அது நார்மல் ஆகாது, விடிலில கெட்ட மூச்சுக்குழாய் திரும்ப வராது. ஆக்சிஜனால பிரஷர் மேற்கொண்டு ஏறாம நிக்கிறதே இந்த நோய்ல நல்ல பலன், 13 எறங்குனதுல எக்கோவோட முன்ன பின்னக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சு சொல்ல முடியாது, முழுசும் ஆக்சிஜனோட வெற்றின்னு நான் எழுத மாட்டேன். நடை முன்ன வீட்டு வாசல் வரை, இப்போ கோயில் வரை. ஊர்ல கோயில் கொடைக்கு ராத்திரி முழிக்கணும்னாங்க, சாமியாட்டம் பாத்துட்டு பந்தப் புகை வர்றதுக்கு முன்னால வீட்டுக்கு வந்துரணும்னு பேசி முடிச்சோம். மே மாசம் பேத்தி வீட்டோட கொடைக்கானல் போறதுக்கு மட்டும் கண்டிப்பா முடியாதுன்னுட்டேன். 2100 மீட்டர் கிட்ட உயரம், காத்தழுத்தம் இங்கவிட அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறைவு, நல்ல நுரையீரலுக்கு அது தெரியாது, ஆச்சிக்கு மிச்சம் இருக்கற மடையும் அடைபடும்.

இனிமே மாத்துறது

எங்க கிளினிக்ல கால் வீக்கம்னு யாரு வந்தாலும் கையில பிரஷர் பாக்குறப்பவே விரல்ல ஆக்சிமீட்டரும் மாட்டணும்னு வச்சாச்சு. நிமிசத்துல முடியற வேலை, கிரியாட்டினினுக்கு ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாலயே பாதி வழி தெரிஞ்சுரும்.

"புகை பிடிப்பீங்களா"க்கு பக்கத்துல இன்னும் மூணு கேள்வி: என்ன அடுப்பு, எத்தன வருசம், விடிலி வேலை இல்லன்னா வேற புகை வேலை பாத்திருக்கீங்களா. செங்கச்சூளை, கரிமூட்டம் போடுறவங்க எல்லாம் இதுல வந்துருவாங்க.

ஆக்சிஜன் எழுதுற எல்லாருக்கும் ஒரு அட்டை: "சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை, அதுக்கு மேல வேண்டாம், தூக்கக் கலக்கம் வந்தா ஏபிஜி பாக்கவும்". பர்சுலயே இருக்கணும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல அத காட்டணும். வீட்டுல மெஷின் எறங்குறதுக்கு முன்னாடி கரண்டுக்கும் சிலிண்டருக்கும் ஏற்பாடு ஆயிருக்கணும், அப்புறம் பாத்துக்கலாம்னு விடக் கூடாது.

மருமகளுக்கு வயசு 44, கல்யாணம் ஆகி வந்த புதுசுல அவங்களும் மாமியாரோட விடிலில உக்காந்தவங்கதான். இப்போ ஒரு தொந்தரவும் இல்லங்காங்க, கேட்டா வருசத்துல மூணு மாசம் காலைல சளி துப்புவேன்னாங்க. ஸ்பைரோமெட்ரி பண்ணோம், அடைப்பு லேசா ஆரம்பிச்சிருக்கு, சாச்சுரேஷன் 97. வெந்நி அடுப்புக்கு இப்போ புகைக்கூண்டு வச்சிருக்காங்க, அடுத்த ஸ்பைரோமெட்ரி தை மாசம்.